கலிய நாயனாரின் கூலி வேலை



இந்த மாதம் என்ன தலைப்பில் எழுதலாம் என்று இளைஞர் பிரிவு நண்பர்களைக் கேட்டேன். பாதிப் பேர் பதில் அனுப்பியதே இரவு பன்னிரண்டு மணிக்கு மேலதான். ஒருத்தர் பகலில் தொழிற்சாலையில் டெக்னீஷியன், இரவில் மோட்டாரில் சாப்பாடு டெலிவரி. ஒரு அக்கா அலுவலக வேலை முடிந்து நேராக டியூஷன் சொல்லிக் கொடுக்கப் போகிறார். இன்னொருத்தர் பாசார் மாலாமில் வடை போடுகிறார். அப்புறம் தலைப்பைத் தேடுவானேன்? அதிலும் ஒரு தம்பி, "அண்ணா, ரெண்டு வேலை பார்க்கிறது பேராசையா? பெரியவங்க அப்படித்தான் சொல்றாங்க" என்று கேட்டிருந்தார்.

எனக்கு அது பேராசையாகத் தெரியவில்லை. நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் 1,700 ரிங்கிட் ஆனது. அதில் 11 விழுக்காடு சேமநிதிக்குப் போனால் மீதி 1,513. சொக்சோ பிடித்தம் வேறு. கிள்ளான் பள்ளத்தாக்கில் அறை வாடகை, மோட்டார் தவணை, பிடிபிடிஎன் கடன், வீட்டுக்கு அனுப்பும் பணம் எல்லாம் அதுக்குள்ள அடங்கணும். இதைப் பேராசை என்று சொல்பவர்கள் கூட்டிக் கழித்துப் பார்த்ததில்லை என்றுதான் நினைக்கிறேன். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய நம் தாத்தா பாட்டிமார் மட்டும் ஒரு வேலையோடு நின்றார்களா? விடியுமுன் பிரட்டுக்குப் போனவர்கள், பால் நிறுத்துக் கொடுத்த பிறகு மாட்டுக்குப் புல் அறுத்தார்கள். லயத்துக்குப் பின்னால் காய்கறி போட்டார்கள். அதற்குப் 'பகுதி நேர வேலை' என்று யாரும் பேர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, நம் சமயம் இதற்கு என்ன சொல்கிறது? பெரிய புராணத்தில் கலிய நாயனார் இருக்கிறார். கண்ணப்பரைத் தெரிந்த அளவுக்கு நமக்கு இவரைத் தெரியாது. திருவொற்றியூரில் எண்ணெய் வணிகர் குலத்தில் பிறந்தவர், நல்ல வசதி. கோயிலுக்கு உள்ளேயும் வெளியேயும் இரவு பகலாக விளக்கேற்றுவதுதான் அவருடைய தொண்டு. ஒரு கட்டத்தில் செல்வமெல்லாம் கரைந்துபோனது. விளக்கை நிறுத்த மனசு வரவில்லை. சொந்தக்காரர்களிடம் எண்ணெய் வாங்கி விற்று, அதில் கிடைத்த கூலியில் விளக்கேற்றினார். எண்ணெய் தர மாட்டோம் என்று அவர்கள் சொன்ன பிறகு, முதலாளியாக இருந்த அதே மனுஷன் அடுத்தவன் செக்கில் நாள் கூலிக்கு இறங்கினார். சேக்கிழார் இதை அவமானமாகச் சொல்லவே இல்லை. உழைத்துக் கிடைத்த கூலி எண்ணெயாகிறது, எண்ணெய் விளக்காகிறது.

அதனால் அந்தத் தம்பிக்கு நான் சொல்வது: நீ மோட்டார் எடுக்கும்போது, இந்தக் கூலி எந்த விளக்குக்கு எண்ணெய் என்று உனக்குத் தெரிந்தால் போதும். அம்மாவின் மருந்து, தங்கச்சியின் கல்லூரிக் கட்டணம், முடிக்க வேண்டிய கடன், எதுவாகவும் இருக்கட்டும். அதெல்லாம் விளக்குதான். புதுசா ஒரு போன் வந்த ஒவ்வொரு முறையும் தவணை கட்டுவதற்காக ஓடினால், அந்த விளக்கில் எண்ணெய் எப்பவும் நிற்காது. ஆசைப்படாதே என்று சொல்ல நான் சாமியார் இல்லை, எனக்கும் ஆசை இருக்கு. எண்ணெய் எங்கே போகுது என்று பார்க்கச் சொல்கிறேன்.

இடையில் ஒரு விஷயம். பிட்டுக்கு மண் சுமந்த கதையில் நம் சொக்கநாதரே கூலியாள். வந்தியம்மாவிடம் பிட்டை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, வைகைக் கரையை அடைக்காமல் படுத்துத் தூங்கிவிட்டார். பாண்டியன் பிரம்பால் அடித்த அடி, அரசன் உட்பட எல்லார் முதுகிலும் விழுந்தது. கடவுள் தூங்கினார், அது திருவிளையாடல். நாம் இரவெல்லாம் ஓடிவிட்டுப் பகல் வேலையில் இயந்திரத்தின் முன் தூங்கி வழிந்தால், அந்த அடியும் நம்மோடு நிற்காது, கூட வேலை செய்கிறவர்கள் முதுகிலும் விழும். வேலை ஒப்பந்தத்தில் வெளி வேலை கூடாது என்று எழுதியிருக்கிறதா என்பதையும் படித்துப் பாருங்கள். எழுதியிருந்தால் வாய்விட்டு அனுமதி கேட்டுவிடுவது நல்லது. ஒளிந்து செய்யும் வேலையில் எப்பவும் ஒரு பயம் உட்கார்ந்திருக்கும்.

கலிய நாயனார் கதை இதற்கு மேல்தான் கனமாகிறது. செக்கடியில் ஆட்கள் பெருகி, அந்தக் கூலியும் கிடைக்காமல் போனது. வீட்டை விற்றார், பொருளை விற்றார். கடைசியில் மனைவியையே விற்க ஊருக்குள் போனார். சமய வகுப்பில் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். எனக்குத் தாண்ட முடியவில்லை. அந்த அம்மாவைக் கேட்டாரா? வாங்க யாரும் முன்வரவில்லை என்கிறது புராணம். அந்த ஊர்க்காரர்களை நினைத்து எனக்கு நிம்மதி.

நம்ம காலத்தில் வாங்க ஆள் இருக்கு. இரவு இரண்டு மணிக்கும் ஆப் திறந்துதான் இருக்கு. நாம் விற்பது நம்முடைய நேரம் மட்டும்தான் என்று நினைப்போம். மகன் வந்து சேரும் வரை வாசல் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் இரவும் அதில் போகிறது. அப்பா முகத்தைத் தூங்கும்போது மட்டும் பார்க்கும் குழந்தையின் மாலையும் போகிறது. அவர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்து, "எத்தனை மாசத்துக்கு இந்த ரெண்டாவது வேலை?" என்று சேர்ந்து முடிவெடுத்த வீடு நம்மில் எத்தனை?

கடைசியில் நாயனார் கோயிலுக்கு வந்தார். அகல்களை வரிசையாக வைத்தார், திரி போட்டார். எண்ணெய்க்குப் பதில் தன் ரத்தத்தை நிரப்புவதற்காகக் கழுத்தில் கத்தியை வைத்தார். அப்போது இறைவன் கை வந்து அவர் கையைப் பிடித்தது. ரத்தம் கொடுக்கத் துணிந்த பக்தியைத்தான் எல்லாரும் புகழ்கிறார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது பிடித்த கை. அதுவரை எண்ணெய் விற்றபோதும் செக்கு ஆட்டியபோதும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த இறைவன், எண்ணெய் போய் ரத்தம் வரப்போகிறது என்றதும் வேண்டாம் என்று நிறுத்துகிறான். கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் கண்ணனும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறான்: அதிகமாகத் தூங்குகிறவனுக்கும் யோகம் இல்லை, தூங்காமலே இருப்பவனுக்கும் இல்லை.

பொறியியல் மாணவன் என்பதால் கொஞ்சம் கணக்கு. வாரத்துக்கு 168 மணி நேரம். 2023 சனவரி முதல் வேலைச் சட்டப்படி வாரத்துக்கு அதிகபட்சம் 45 மணி நேர வேலை. போக வர 12 என்று வைப்போம். தினமும் ஏழு மணி நேரம் தூங்கினால் 49. வாரத்தில் ஆறு இரவு நான்கு மணி நேரம் ஓடினால் 24. மீதி 38 மணி நேரம் இருக்கிறது. குளிக்க, சாப்பிட, அம்மாவோடு பேச, வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக அது போதும். ஏழு இரவும் ஆறு மணி நேரம் ஓடினால் மீதி 20 மணி, நாளுக்கு மூன்று மணி நேரம்கூட இல்லை. அப்போதுதான் தூக்கத்தில் கை வைக்கிறோம். அந்த இடம்தான் கத்தி.

உலோகச் சோர்வு என்று ஒரு பாடம் எங்களுக்கு உண்டு. எஃகுக்கு ஒரு தாங்கும் எல்லை இருக்கிறது. அதற்குக் கீழே இருக்கும் சுமையை எத்தனை கோடி முறை ஏற்றி இறக்கினாலும் பெரும்பாலும் முறியாது. அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. சின்னச் சுமையே திரும்பத் திரும்ப விழுந்து, உள்ளே மயிரிழை போல விரிசல் விட்டு, ஒரு நாள் பட்டென்று முறியும். அதுவரை வெளியே பளபளப்பாத்தான் இருக்கும். இருபத்து மூன்று வயதில் எல்லாருக்கும் தான் எஃகு என்ற நினைப்பு. மூணு மணித் தூக்கத்தோடு கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் ஓட்டும்போது அந்த நினைப்பை நம்ப வேண்டாம், தம்பி. டெலிவரி ஓடுகிறவர்கள் சொக்சோவின் சுயதொழில் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்திருக்கிறோமா என்றும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

கலிய நாயனார் குருபூசை ஆடி மாதம் கேட்டை நட்சத்திரத்தில் வரும். அன்று உங்கள் ஊர்க் கோயிலில் ஒரு அகலுக்கு எண்ணெய் ஊற்ற வாங்க. வேலைச் சட்டையோடு வந்தாலும் பரவாயில்லை. டெலிவரிப் பையை வாசலில் வைத்துவிட்டு, ஒரு அரை மணி நேரம் ஆப்பை மட்டும் அணைத்து வையுங்கள்.