பூசலார் எடுத்த ஆலயமும் நாம் செய்யும் தொழிலும்



தொழில் செய்வான் ஒருவனுடைய கை இன்றைய வேலையில் இருப்பினும், அவன் சித்தம் நேற்றைக்கும் நாளைக்குமாக அலைகின்றது. மேலதிகாரி முன்னொருநாள் பலர் நடுவே கூறிய சுடுசொல்லை நினைந்திருக்கும் கணக்கன் கூட்டலிற் பிழைபடுகின்றான். வரப்போகும் ஊதிய உயர்வை எண்ணி மகிழ்ந்திருப்பவனும் அங்ஙனமே பிழைபடுகின்றான். ஆதலின் இரண்டனையும் அறவே ஒழித்தல் வேண்டும் என்பாரும் உளர். அது பொருந்தாது. சிந்தித்தல் சித்தத்தின் தொழில். அதனை ஒழித்தல் கருவியையே முறித்தலாம். 2007-ஆம் ஆண்டில் லண்டன் நகரத்து ஆராய்ச்சியாளர் சிலர், மூளையில் நினைவிற்கு இன்றியமையாததொரு பகுதி பழுதுற்றோரைச் சோதித்தனர். அவருட் பெரும்பாலோர், இனி நிகழக்கூடியதொன்றனை மனத்தில் அமைத்துக் காணவும் மாட்டாதவராயிருந்தனர். நேற்றைய களஞ்சியத்தினின்றே நாளைக்கு வித்து எடுக்கப்படுகின்றது போலும்.

அங்ஙனமாயின் எதனை நினைப்பது, எதனைக் கருதுவது? திருநின்றவூர்ப் பூசலார் நாயனாரை நோக்குக. சிவபிரானுக்கு ஆலயம் எடுக்க விரும்பி அவர் எங்கணும் பொருள் தேடினார், கிடைத்திலது. மறுத்தார் முகங்களையே நினைந்து புழுங்கியிருப்பின் அவர் சரிதம் அங்கேயே முடிந்திருக்கும். அவர் நினைவிற் கொண்டதோ தாம் கற்ற ஆகம விதி. அதன்வழி மனத்தினாலேயே பொருள் ஈட்டினார், தச்சரை வருவித்தார், நன்னாளில் அடிநிலை இட்டார், இரவினும் துயிலாது விமானம் உயர்த்தினார், சுதை பூசினார், கிணறு, மதில், குளம் என ஒன்றனையும் விட்டாரல்லர். இதனைப் பகற்கனவென்று நகைப்பார் ஒன்று கருதுக: பகற்கனாக் காண்பவன் கிணறு தோண்டுவானோ? அவன் நேரே குடமுழுக்கிற்கன்றோ போய்விடுவான்! 1999-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியும் ஈண்டு நினைக்கத்தக்கது. கலிபோர்னியாவில், தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்றதாக மனத்திற் கண்ட மாணாக்கரினும், தாம் அமர்ந்து படிக்கும் முறையை மனத்திற் கண்டவரே மிகுதியாகப் படித்தனர், தேர்விலும் மேம்பட்டனர்.

வினைக்குப் பயன் ஊட்டுவோன் இறைவனே என்பது நம் சித்தாந்தம். பயனையே கருதிக் களிப்பவன் அவனுக்குரிய பணியைத் தான் மேற்கொள்கின்றான், தனக்குரியதைக் கைவிடுகின்றான். காஞ்சியிற் கற்றளி எடுத்த காடவர்கோனும் குறையுடையானல்லன். அவன் குறித்த நாள் தள்ளப்பட்டதேயன்றி அவன் பணி தள்ளப்படவில்லை. கனவில் இறைவன் பணித்தவாறு அவன் திருநின்றவூர் வந்து, பூசலார் எடுத்த ஆலயம் யாதென வினவினான். அப்படியொன்று இல்லை என்றனர் ஊரார். பூசலாரைக் கண்டு உண்மை தெளிந்த அரசன் நிலமுற வணங்கி மீண்டான். நாயனாரோ குறித்த பொழுதில் இறைவனை உள்ளக்கோயிலில் எழுந்தருளச் செய்து, அதனோடு அமையாது, பன்னாள் அங்கே பூசனை இயற்றிக்கொண்டிருந்தார்.