எந்த லைட்டில் பார்ப்பது

சாயப்பட்டறை லேபுகளில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருக்கும். முன்பக்கம் திறப்பு, உள்ளே சுவர், தரை எல்லாம் ஒரே மங்கல் சாம்பல். மேலே வரிசையாக விளக்குகள். சோதனைக்குச் சாயம் ஏற்றிய லேப் டிப் துண்டையும் துணி வாங்கும் பையர் அனுப்பிய மாதிரித் துண்டையும் ஒட்டினாற்போல் வைத்து, சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார்கள். டி65 என்றால் பகல் வெளிச்சம். டிஎல்84 ஐரோப்பியக் கடைகளுக்கு. சிடபிள்யூஎஃப் அமெரிக்கக் கடைகளுக்கு. ஏ என்பது பழைய குண்டு பல்பின் மஞ்சள். பகல் வெளிச்சத்தில் அச்சு அசலாக ஒத்திருந்த இரண்டு துண்டுகள் டிஎல்84 போட்டதும் விலகிவிடும். ஒன்று லேசாகச் சிவப்படிக்கும். “மெட்டாமெரிசம்” என்று சொல்லித் துண்டை ஓரமாகப் போடுவார் மாஸ்டர். சாயச் சேர்மானத்தை மாற்றி மறுபடி முக்க வேண்டியதுதான்.

மீன்தொட்டிக்குச் சொந்தமாக லைட் கட்டலாம் என்று தோன்றியதிலிருந்து அந்தப் பெட்டிதான் நினைவில் நிற்கிறது.

*

தொட்டி 3 அடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி. விளிம்புவரை நிரப்பினால் 190 லிட்டர். உள்ளே வாலிஸ்னேரியா செடி, கொஞ்சம் நியான் டெட்ரா, கொளத்தூரிலிருந்து ஆக்சிஜன் பையில் வந்த செர்ரி பார்ப். மூடியோடு சேர்த்துக் கடையில் தரும் லைட்டில் எல்லாமே ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. செர்ரி பார்ப் இலங்கை ஓடைகளுக்கே உரிய மீன். ஆண் மீன் நல்ல சிவப்பு. இந்த வெளிச்சத்தில் அது செங்கல் பொடி நிறம்.

அட்டைப்பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்டிருந்தது. டி65-க்கும் அதே 6500தான்.

*

எண் ஒன்று, வெளிச்சம் வேறு. இதை ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வெள்ளை எல்இடிக்குள் வெள்ளை கிடையாது. நீல ஒளி தரும் சில்லு, அதன் மேல் மஞ்சள் பாஸ்பர் பூச்சு. இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகப் படுகிறது. அந்த நீலச் சில்லைச் சாத்தியமாக்கியதற்குத்தான் 2014-இல் அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் இயற்பியல் நோபல். ஆனால் மலிவான எல்இடியில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. விளக்கில் இல்லாத சிவப்பை மீன் எங்கிருந்து திருப்பித் தரும்?

ஆக, துணிக்கு மட்டுமில்லை, விளக்குக்கும் மெட்டாமெரிசம் உண்டு. பார்க்க ஒரே வெள்ளையாக இருக்கும் இரண்டு விளக்குகளின் உள்சரக்கு வேறு வேறாக இருக்கலாம். கெல்வின் எண், விளக்கு எப்படித் தெரிகிறது என்பதைச் சொல்லும். அதன் கீழே மற்றவை எப்படித் தெரியும் என்பதைச் சொல்வது சிஆர்ஐ. 90-க்கு மேல் இருந்தால் நம்பி வாங்கலாம்.

*

லூமன் கணக்கு இன்னொரு வேடிக்கை. அது மனிதக் கண்ணை வைத்துப் போட்ட கணக்கு. பகலில் நம் கண் 555 நானோமீட்டர் அருகே, மஞ்சள் கலந்த பச்சையில்தான் அதிகம் விழிக்கும். லூமனும் அந்தப் பக்கமே சாய்ந்து எண்ணும். இலைக்கோ அந்தப் பச்சையில் அத்தனை ஆர்வமில்லை. ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறது, அதனால்தான் பச்சையாகத் தெரிகிறது.

1882-இல் எங்கெல்மான் என்ற ஜெர்மானியர் ஒரு பாசி இழையின் மேல் முப்பட்டகத்தால் பிரித்த ஒளியை விழ வைத்தார். ஆக்சிஜனைத் தேடிப் போகும் பாக்டீரியாக்களையும் அந்த நீரில் விட்டார். அவை சிவப்பிலும் நீலத்திலும் மொய்த்தன. பச்சைப் பகுதியில் கூட்டமில்லை. மீட்டர் இல்லாத காலத்தில் உயிர்களையே மீட்டராக்கிய மனிதர். அந்தக் காட்சியை நினைத்தாலே வேலையை நிறுத்திவிட்டுச் சற்று உட்காரத் தோன்றுகிறது.

*

ஜன்னல் வேலைக்காரரிடம் மிஞ்சிய அலுமினியச் சேனல் கிடைத்தது. அதில் நாலு வரிசை எல்இடி ஸ்ட்ரிப்: மூன்று 6500, ஒன்று 3000 கெல்வின். மீட்டருக்கு 14.4 வாட். ஒரு வரிசை 90 சென்டிமீட்டர், நாலுக்குமாகக் கிட்டத்தட்ட 52 வாட். 12 வோல்ட்டில் நாலே கால் ஆம்பியரைத் தாண்டுகிறது. வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் 5 ஆம்பியர் போதும் என்று கடையில் சொல்வார்கள். போதும்தான், ஆனால் நாளெல்லாம் முழு மூச்சில் ஓட வேண்டும். 8 ஆம்பியர் வாங்குவது நல்லது.

அலுமினியம் அழகுக்கில்லை. எல்இடி முன்னால் குளிர்ச்சியாக இருக்கும், சூடெல்லாம் முதுகில். அதை இழுத்து வெளியே விட உலோகம் வேண்டும். பிளாஸ்டிக்கில் ஒட்டினால் சில்லு சீக்கிரம் மங்கும்.

மேலே ஆவி, கீழே தண்ணீர். வெட்டிய முனைகளுக்கு சிலிகான், அடியில் அக்ரிலிக் தகடு. எஸ்எம்பிஎஸ் தொட்டிக்கு மேலே இருக்கவே கூடாது. பக்கத்துச் சுவரில், எட்டி. ஒயர் பிளக்குக்குப் போகும் முன் கீழே ஒரு வளைவு தொங்க வேண்டும். வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். வீட்டு லைனில் மின்கசிவு கண்டதும் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லாதவர் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

*

நியான் டெட்ராவின் நீலக்கோடு சாயமில்லை. தோலுக்குள் குவானின் என்ற பொருளின் மெல்லிய படிகத் தகடுகள் அடுக்காக இருக்கின்றன. அடுக்கின் இடைவெளிக்கேற்ற நிறம் திரும்பி வருகிறது. இருட்டில் இடைவெளி மாறி, கோடு ஊதாப்பக்கம் மங்கிவிடும். வெளிச்சம் வந்தால் மெல்ல மீளும். இந்த நிறத்துக்கு உப்பு வேண்டாம், சோடா வேண்டாம், கழுவ வேண்டாம்.

சாயப்பட்டறையில் பருத்திக்கு ரியாக்டிவ் சாயம். 1956-இல் சந்தைக்கு வந்த வகை. நூலோடு ரசாயனமாகவே பிணைந்துகொள்ளும். நீரில் இருக்கும் சாயத்தை நூல் பக்கம் தள்ள உப்பைக் கொட்ட வேண்டும். அந்த உப்பு நூலில் தங்காது, தண்ணீரோடு போகும். வெள்ளியங்கிரியில் பிறந்து காவிரிக்குப் போகும் நொய்யல் பல வருஷம் அதைத்தான் சுமந்தது. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமானது. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. 700-க்கும் மேல் மூடின. இப்போது கழிவு நீரை ஆர்ஓவிலும் ஆவியாக்கியிலும் விட்டு மீட்டெடுக்க வேண்டும், ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்பது விதி.

உப்பைப் பேசிய அளவுக்கு நாம் வெளிச்சத்தைப் பேசவில்லை. நிறம் ஏறிய நீர் தன் நிறம் தவிர்த்த மற்ற ஒளியை மேலேயே விழுங்கிவிடும். அடியில் இருக்கும் செடிக்குப் பகலிலும் அந்தி. அது போதிய ஆக்சிஜன் விடாது. மீனுக்கு மூச்சு முட்டும். தெளிந்த நீரிலேயே சிவப்புதான் முதலில் குறையும். ஒன்றரை அடியில் அது கணக்கில்லை, ஆற்றின் ஆழத்தில் கணக்கு.

*

சாய லேபில் இருக்கும் நண்பர் வந்தார். தொட்டியைத் துணி பார்ப்பது போலவே ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“3000-த்தையும் சேத்துப் போட்டா ரெட் தூக்குதுங்ணா. ஆனா செடிக்கு இதெல்லாம் வேணுமுங்களா?”

“செடிக்கு அந்த மூணு வரிசையே போதும். இது நமக்கு.”

“அப்ப பையர் ரெண்டு பேருன்னு சொல்லுங்க. ஒரே லைட்ல ரெண்டு பேரு அப்ரூவல் வாங்க முடியாதுங்.”

லேப்காரர் தீர்ப்பு. மறுத்துப் பேச ஒன்றுமில்லை. வரிசைகளைப் பிரித்து இரண்டு சுவிட்ச் வைத்தாயிற்று. 6500 மூன்றும் டைமரில்: காலை 10 முதல் மாலை 6 வரை. அதற்கு மேல் நீட்டினால் கண்ணாடியில் பாசி ஏறும். 3000 ஒற்றை வரிசை கையால் போடுவது. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால், வீட்டில் யாராவது தொட்டி முன் உட்கார்ந்தால் மட்டும். அறை இருட்டாக இருக்கும்போது சட்டென்று போட்டால் மீன்கள் மிரண்டு கண்ணாடியில் மோதும். முதலில் அறை விளக்கு, பிறகு இது. சுவிட்சுக்குப் பக்கத்தில் அதை எழுதி ஒட்டியிருக்கிறேன்.