கல்விக்குப் பட்டம்தான் சாட்சியா?

"பையன் என்ன படித்திருக்கிறார்?" சம்பந்தம் பேச அமர்ந்த இடத்தில் முதலில் எழுகிற கேள்வி இது. "ஏழாண்டுகள் மதரஸாவில் ஓதி ஸனது பெற்றிருக்கிறார்" என்று பதில் வருகிறது. "அது இருக்கட்டும், படிப்பு என்ன?" என்று மறுபடியும் கேட்கிறார்கள். அரபு இலக்கணமும், திருமறை விரிவுரையும், ஹதீஸும், ஃபிக்ஹும் கற்றுத் தேர்ந்த ஒருவர் அந்த ஒரே கேள்வியில் படிக்காதவராக ஆகிவிடுகிறார். இன்னோர் இல்லத்தில், இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே பழுது இன்னதென்று சொல்லிவிடக்கூடிய மெக்கானிக் ஒருவர், தம் பிள்ளையின் பள்ளிக்கூட விண்ணப்பத்தில் 'தந்தையின் கல்வித் தகுதி' என்ற இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுத் தலை குனிகிறார்.

இது உலகியல் சமாச்சாரம், இதற்கும் மார்க்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கக்கூடும். சம்பந்தம் உண்டு. அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைத் திருமறை மிகக் கடுமையாக எச்சரிக்கிறது. அரிசியையும் பருப்பையும் குறைத்து நிறுப்பது பாவமென்றால், ஒரு மனிதரையே குறைத்து நிறுப்பது எப்படி அற்பமான காரியமாகும்? ஆகவே கல்லூரிப் பட்டம் கல்விக்கு அத்தாட்சியா, அது இல்லாதவர் கல்வியற்றவரா என்பதை நாம் நிதானமாகச் சிந்திக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முன்பின் அறியாதவர்களின் ஊர்

நம் முன்னோர் வாழ்ந்த ஊர்களில் இக்கேள்வி இவ்வளவு கூர்மையாக எழவில்லை. கீழக்கரையிலோ, காயல்பட்டினத்திலோ, மேலப்பாளையத்திலோ ஒருவருடைய கல்வியை அறிய வேண்டுமானால் தெருவில் உள்ள பெரியவர்களைக் கேட்டால் போதும். அவர் யாரிடம் ஓதினார், எப்படி நடந்துகொள்கிறார் என்பதெல்லாம் ஊரறிந்த விஷயம். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், வண்டலூர் என்று தென்சென்னைப் புறநகர்களில் குடியேறியிருக்கும் நம் நிலை வேறு. ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் சேர்த்துத் தொழுகிறவர் இராமநாதபுரத்துக்காரரா, வேலூர்க்காரரா என்பதே நமக்குத் தெரிவதில்லை. முன்பின் அறியாதவர்கள் கூடி வாழும் ஊரில், மனிதருக்குப் பதிலாகக் காகிதம் பேசுகிறது.

போதாக்குறைக்கு இப்பகுதி கல்லூரிகளின் பகுதி. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் நகரத்தை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தது. வண்டலூரில் 1984-ல் கிரசென்ட் பொறியியற் கல்லூரி எழுந்து, பிற்காலத்தில் பல்கலைக்கழகமாகவும் உயர்ந்தது. கல்லூரிகள் பெருகப் பெருக, பட்டம் இல்லாதவரின் முகம் சபையில் வாடத்தான் செய்கிறது. பட்டத்தின் மீது நமக்குப் பகை இல்லை. அது எதற்கு ஏற்பட்டதோ அந்த இடத்தில் அதை வைக்க வேண்டும் என்பதே நம் கருத்து.

அண்ணலார் காலத்து அளவுகோல்

பத்ருப் போரில் கைதியானவர்களில் ஈட்டுத்தொகை கொடுக்க வசதியற்றவர்கள், ஆளுக்குப் பத்து முஸ்லிம் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் விடுதலை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நிபந்தனை விதித்தார்கள். அக்கைதிகளிடம் ஈமானும் இல்லை, சான்றிதழும் இல்லை. பத்துப் பிள்ளைகள் எழுதக் கற்றுக்கொண்டார்களா என்பதுதான் பரீட்சை. அவ்வாறு எழுதக் கற்றவர்களில் ஸைத் இப்னு தாபித் (ரலி) அவர்களும் ஒருவர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

பின்னர், திருமறையை ஒன்றுதிரட்டும் மகத்தான பொறுப்பை அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்கள் அதே ஸைத் (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தபோது, எந்தெந்தத் தகுதிகளை எடுத்துச் சொன்னார்கள்? வாலிபர், அறிவாளி, எவரும் குறை காணாத நம்பிக்கைக்குரியவர், அண்ணலாருக்கு முன்பே வஹீ எழுதிக் கொடுத்தவர் என்பவையே அவை. ஆற்றலும் ஒழுக்கமும் செய்து காட்டிய பணியும் சேர்ந்தே தகுதியாயின.

அதே ஸைத் (ரலி) அவர்கள் திருமறையை மனனம் செய்தவர்களாக இருந்தும், எழுதப்பட்ட வசனத்துடன் வந்தவர்களிடம் இரண்டு சாட்சிகள் இல்லாமல் அதை ஏற்கவில்லை. ஆதாரம் கேட்பது ஒருவரை அவமதிப்பதாகாது. காரியம் எவ்வளவு பெரியதோ அவ்வளவு உறுதியான சாட்சி வேண்டும் என்ற பாடம் இதில் இருக்கிறது.

ஸனதும் ஒரு சாட்சியே

மதரஸாவில் கொடுக்கப்படும் ஸனதும் இஜாஸத்தும் கூட சாட்சியின் வகையைச் சேர்ந்தவையே. இவர் என்னிடம் ஓதினார், இவருக்குத் தெரியும் என்று அறிந்த ஒருவர் அல்லாஹ்வுக்குப் பயந்து சொல்லும் சாட்சி அது. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இளவயதிலேயே ஃபத்வாக் கொடுக்க மக்காவில் அவர்களுடைய ஆசிரியர் முஸ்லிம் இப்னு காலித் அனுமதித்தார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களோ, எழுபது பெரியோர்கள் தகுதி உண்டென்று சாட்சி கூறிய பிறகே மார்க்கத் தீர்ப்பு வழங்க அமர்ந்தார்கள். அப்படி அமர்ந்த பிறகும், கேட்கப்பட்ட பல கேள்விகளுக்குத் 'தெரியாது' என்றே பதில் சொன்னார்கள்.

மருத்துவத்தில் பரீட்சை வைக்கும் வழக்கத்திலும் முஸ்லிம்கள் முன்னோடிகளாக இருந்தார்கள். ஹிஜ்ரி 319-ல், அதாவது கி.பி. 931-ல், பக்தாத் நகரில் ஒரு வைத்தியரின் தவறினால் நோயாளி ஒருவர் இறந்தார். இதை அறிந்த கலீஃபா முக்ததிர், ஸினான் இப்னு தாபித் என்ற தலைமை மருத்துவர் பரீட்சித்து அனுமதி தராமல் எவரும் வைத்தியம் செய்யக் கூடாதென்று ஆணையிட்டார். ஏறத்தாழ 860 பேர் பரீட்சைக்கு வந்தனர்.

அவர்களில் கண்ணியமான தோற்றமுடைய முதியவர் ஒருவர், தமக்கு எழுதப் படிக்கச் சரியாக வராது என்றும், இத்தொழிலை வைத்தே குடும்பம் பிழைக்கிறது என்றும் ஒளிக்காமல் சொன்னார். ஸினான் அவரைத் துரத்தவில்லை. அறியாத நோயில் கை வைக்கக் கூடாது, இரத்தம் குத்தி எடுப்பது, பேதி மருந்து கொடுப்பது போன்றவற்றை எளிய நோய்களுக்கன்றிச் செய்யக் கூடாது என்ற நிபந்தனையுடன் அனுமதித்தார். ஒருவருக்கு எது தெரியுமோ அந்த எல்லைக்குள் அவரை மதித்து, எது தெரியாதோ அங்கே தடுத்து நிறுத்தினார்.

நமக்கு அருகிலுள்ள சான்றுகள்

குரோம்பேட்டையில் வாழ்ந்த கண்ணியத்துக்குரிய காயிதெ மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அவர்களை அறியாத முஸ்லிம் இல்லம் தமிழகத்தில் இருக்க முடியாது. 1896-ல் திருநெல்வேலியில் பிறந்த அவர்கள், பி.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது, 1920-ல் ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்றுப் படிப்பை விட்டு வெளியேறினார்கள். பட்டம் கைக்கு வரவில்லை. ஆனால் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக அமர்ந்தார்கள். ஆட்சிமொழி பற்றிய விவாதத்தில், பழமைதான் அளவுகோல் என்றால் தமிழுக்கே அத்தகுதி உண்டென்று வாதிட்டார்கள். மாநிலங்கள் அவையிலும், பின்னர் மஞ்சேரித் தொகுதியிலிருந்து 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களில் வென்று மக்களவையிலும் பணியாற்றி 1972-ல் மறைந்தார்கள். இன்று சென்னை அண்ணா சாலையில் அரசு மகளிர் கல்லூரியும், மேடவாக்கத்தில் ஆடவர் கல்லூரியும் அவர்கள் பெயரைத் தாங்கி நிற்கின்றன. பட்டம் பெறாத ஒருவரின் பெயரால் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் பட்டம் பெறுகிறார்கள்!

வண்டலூர்க் கல்லூரியை நிறுவிய பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்களும் இளவயதிலேயே கீழக்கரையிலிருந்து வணிகத்துக்காக இலங்கை சென்றவர்கள்தாம். பொறியியல் கற்பிக்கும் கல்லூரியோடு ஆலிம்களை உருவாக்கும் புகாரி ஆலிம் அரபிக் கல்லூரியையும் அவர்கள் அமைத்தார்கள். இரு கல்விக்கும் இடம் கொடுத்த அந்த நோக்கை நாம் கவனிக்க வேண்டும்.

கணிதமேதை இராமானுஜனின் கதை இன்னும் கூர்மையானது. கும்பகோணத்திலும், பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேர்வில் அவர் தேறவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமில்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. 1918-ல் அவர் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

இதில் மறந்துவிடலாகாத ஒன்று உண்டு. ஹார்டிக்கு முன்பே வேறு கணித வல்லுநர்களுக்கும் அவர் எழுதியிருந்தார், பயன் கிட்டவில்லை. ஒரு குமாஸ்தாவின் தாள்களைப் பொறுமையோடு படித்துப் பார்க்க ஹார்டி முன்வந்ததால்தான் உண்மை வெளிப்பட்டது. எத்தனை இராமானுஜன்களுக்கு ஹார்டி கிடைக்காமல் போயிருப்பார்!

அப்படியானால் கல்லூரி வேண்டாமா?

வேண்டாம் என்று எவரும் அவசரப்பட்டு முடிவு செய்துவிடக் கூடாது. காயிதெ மில்லத் அவர்கள் படிப்பை விட்டது சோம்பலாலன்று, ஒரு கொள்கைக்காக. பரீட்சைக்குப் படிக்க மனமில்லாத பிள்ளை அவர்களை உதாரணம் காட்டுவது நியாயமாகாது. ஹார்டியைத் தேடிக்கொண்டு நம் பிள்ளைகள் எல்லோரும் அலைய முடியாது என்பதும் உண்மை. முன்பின் அறியாதவர்கள் வேலை தரும் இவ்வுலகில் பட்டம் ஒரு பயனுள்ள சாட்சி. நம் ஆண் மக்களுக்கும், குறிப்பாகப் பெண் மக்களுக்கும் அதைத் தேடிக் கொடுப்பது பெற்றோரின் கடமை. மதரஸாவில் ஓதுகிறவர்களும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அஃப்ஸலுல் உலமா போன்ற தேர்வுகளை எழுதி, தங்கள் கல்விக்கு உலகம் ஒப்புக்கொள்ளும் சாட்சியையும் தேடிக்கொள்வது நல்லது.

எனவே மூன்று விஷயங்களை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

முதலாவது, பிறருடைய உயிரும் பொருளும் ஈமானும் ஒருவரின் அறிவை நம்பியிருக்கும் இடத்தில் சாட்சி அவசியம். மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து கேடு விளைந்தால் அவரே பொறுப்பாளி என்று அண்ணலார் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். உடலுக்கு இது பொருந்துமானால் மார்க்கத்துக்கும் பொருந்தும். பெரிய பட்டம் பெற்ற பொறியாளரானாலும், இரண்டு மொழிபெயர்ப்பு நூல்களைப் படித்துவிட்டுத் தலாக்குக்கும் வாரிசுரிமைக்கும் தீர்ப்புச் சொல்ல முன்வந்தால், "உங்கள் ஸனது எங்கே?" என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அதே நியாயப்படி, ஸனது பெற்ற ஆலிமும் தாம் கற்காத வைத்தியத்தில் கை வைக்கலாகாது.

இரண்டாவது, வேலையை நம் கண்ணாலேயே பார்த்துத் தெரிந்துகொள்ள முடிகிற இடத்தில் காகிதத்தைக் கேட்டு மனிதரைத் திருப்பியனுப்பக் கூடாது. தையற்காரரின் தையலைப் பாருங்கள். கணக்கெழுதுகிறவரின் ஏட்டைப் பாருங்கள். குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுக்கும் ஆலிமாவின் ஓதலைக் கேளுங்கள். யூஸுஃப் (அலை) அவர்கள் சிறையிலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள். அவர்கள் சொன்ன கனவு விளக்கத்தைக் கேட்டுத்தான் மன்னர் அவர்களை உணர்ந்துகொண்டார், எகிப்தின் களஞ்சியங்களை ஒப்படைத்தார்.

மூன்றாவது, கண்ணியத்துக்குப் பட்டத்தை அளவுகோலாக்கக் கூடாது. நம் குழந்தையின் காதில் பாங்கு சொல்லவும், நம் நிக்காஹை நடத்தவும், நம் ஜனாஸாவுக்குத் தொழவைக்கவும் இமாமின் கல்வி நமக்குப் போதுமானதாக இருக்கிறது. அவருக்குச் சம்பளம் நிர்ணயிக்கும்போதும், அவர் மகனுக்குப் பெண் கேட்டு வரும்போதும் மட்டும் அது படிப்பாகாமல் போவதேன்? ஜமாஅத்தின் பொறுப்பிலுள்ளவர்கள் இதை நெஞ்சில் கை வைத்துச் சிந்திக்க வேண்டும்.

பட்டம் சாட்சி என்றால், பொய்ப் பட்டம் பொய்ச் சாட்சி. காப்பியடித்துத் தேறுவதும், பணம் கொடுத்துச் சான்றிதழ் வாங்குவதும், பிறர் எழுதிய ஆய்வைத் தம்முடையதென்று காட்டுவதும் அந்தக் கணக்கில்தான் சேரும். பெரும்பாவங்களை எடுத்துரைத்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், பொய்ச் சாட்சியைக் குறிப்பிட்டபோது சாய்ந்திருந்த நிலையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்து, திரும்பத் திரும்ப அதைச் சொன்னார்கள் என்பதை நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

நாளை மஹ்ஷரில் மனிதன் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று, கற்றதைக் கொண்டு என்ன செய்தாய் என்பது. எந்தக் கல்லூரியில் கற்றாய் என்று அங்கே கேட்கப்படாது. அறிஞர் என்று மக்கள் புகழ வேண்டும் என்பதற்காகவே கல்வி கற்றவர் முதன்முதலில் நரகில் எறியப்படுவோரில் ஒருவர் என்ற நபிமொழி, பட்டம் பெற்றவருக்கும் ஸனது பெற்றவருக்கும் சமமான எச்சரிக்கையாகும். அந்நாளில் நம் கல்விக்கு நம் அமல்களே சாட்சி சொல்லும்.

வல்ல நாயன் நம் அனைவருக்கும் பயனுள்ள கல்வியைத் தந்து, கற்றவர்களைக் கண்ணியப்படுத்தும் மனத்தையும், எவரையும் குறைத்து நிறுக்காத நியாயத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.