சிறுநீரகமும் சக்திக்கேற்ற தவமும்

பன்னிரண்டு அனுப்பிரேட்சைகளுள் அசுசித்துவத்தைச் சிந்திக்குந்தோறும், இவ்வுடல் மலமூத்திரங்களின் பாண்டம் என்று சொல்லிக் கடந்து விடுகிறோம். அப்பாண்டத்தைத் தூய்மை செய்யும் பணி அதனுள்ளேயே இரவு பகலாக நடைபெறுவதை எண்ணிப் பார்ப்பதில்லை.

முதுகெலும்பின் இருமருங்கும் கைம்முட்டி அளவில் அமைந்தவை சிறுநீரகங்கள். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 10 இலட்சம் நெஃப்ரான்கள் உள. நாம் உண்ணும் பருப்பிலும் பாலிலும் உள்ள புரதம் பயன்பட்டபின் எஞ்சும் கழிவைக் கல்லீரல் யூரியாவாக மாற்றிக் குருதியில் விடுகிறது. அக்குருதியிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மம் நெஃப்ரான்களில் வடிகிறது. சிறுநீராக வெளியேறுவதோ ஒன்றரை லிட்டர் அளவே. நாம் துணியிட்டு நீரை வடிப்பது போன்றதன்று இது. வேண்டிய சர்க்கரையும் உப்பும் வேண்டாத யூரியாவும் முதலில் ஒருங்கே வடிகின்றன. பின்னர் உடலுக்கு உரியது மட்டும் குருதிக்கு மீட்கப்படுகிறது. அறிவற்ற புத்கலத்தின் செயலில் இத்துணைப் பாகுபாடு!

உபவாச நாளிலும் இப்பணி நிற்பதில்லை. உணவு இல்லாதபோது உடல் தன் தசையையே சிதைப்பதால் யூரியா உண்டாகிக்கொண்டேயிருக்கும். ஒரு நாட்கழிவை வெளியேற்றச் சுமார் அரை லிட்டர் நீராவது வேண்டும். நலமுள்ள சிறுநீரகம் நீரைச் சிக்கனம் செய்து சிறுநீரைச் செறிவாக்கும். நீரிழிவாலோ இரத்த அழுத்தத்தாலோ நலிந்ததற்கு அவ்வாற்றல் குன்றிவிடும்.

என் அத்தையார் நீரிழிவு உடையவர். ஓராண்டு தசலட்சண பர்வத்தில் மூன்று நாள் நீரும் அருந்தா உபவாசம் ஏற்றார். தடுத்திருக்க வேண்டிய நானோ மகிழ்ந்து அனுமோதனை செய்தேன். இரண்டாம் நாள் மாலை சிறுநீர் அற்று மயங்கினார். மருத்துவமனையில் இரு நாள் நரம்பின் வழியே நீர் ஏற்றினர். கண்விழித்தவர் முதலில் கேட்டது, "விரதம் பங்கமாயிற்றே, எனக்கு என்ன கதி?" என்பதே.

அன்று எனக்கு விடை கூற நா எழவில்லை. ஆயினும் விடை நம் ஆகமத்திலேயே உண்டு. தீர்த்தங்கரத்துவத்துக்குக் காரணமான பதினாறு பாவனைகளுள் ஒன்று சக்திக்கேற்ற தவம். சக்தியை ஒளித்தலும் குற்றம், மீறுதலும் குற்றம். புறத்தவம் ஆறனுள் அனசனம் ஒன்று மட்டுமே. குறைத்துண்ணும் அவமோதரியமும், சுவை துறக்கும் இரச பரித்தியாகமும் அவற்றோடு ஒப்ப எண்ணப்பட்டவையே அன்றோ! சல்லேகனையை இதனோடு மயங்குவாரும் உளர். அது ஆயுளின் இறுதியில் குருவின் அனுமதியோடு ஏற்பது. பர்வ நாள் நோன்பு அத்தகையதன்று.

மறு ஆண்டு அத்தையார் மருத்துவரை முன்னரே கண்டு, உண்ணும் அளவையும் பருகும் நீரின் அளவையும் கேட்டறிந்தார். பத்து நாளும் உப்பும் நெய்யும் விட்டு உணவைக் குறைத்துண்டார். மாலைதோறும் கதிரவன் மறையுமுன், துணியில் வடித்த நீரின் கடைசிக் குவளையைப் பருகிவிட்டுச் சாமாயிகத்தில் அமர்ந்தார்.