யார் செய்த குற்றம்?

தலைச்சோலைப் பக்கத்துக் காப்பித் தோட்டமொன்றில் வேலை செய்துவந்த பெரியவர் ஒருவருக்குக் கழுத்தில் வலியற்ற கட்டிகள் எழும்பின. கண்டமாலை என்றெண்ணிச் சில மாதங்கள் பச்சிலை கட்டினார்கள், கரையவில்லை. மலையிறங்கிப் போய் ஒரு கட்டியை அறுத்தெடுத்துச் சோதித்தபோது, அது நிணநீர்ப் புற்றுநோய் என்றும், ஹாட்ஜ்கின் வகையைச் சேராதது என்றும் தெரிந்தது. ஆய்வறிக்கையில் மரபணு இடமாற்றம் பற்றி ஒரு வரி இருந்தது. மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் மகன் அதைப் படித்துச் சொன்னான். நோயைவிட விரைவாக அந்த வரி ஊரில் பரவியது. மரபணு என்றால் பரம்பரை. பரம்பரை என்றால் இரத்தத்தில் ஊறிய பழி. மகளுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் நின்றுபோயிற்று.

“சாமி, எங்கள் வம்சத்துக்கே சாபமா?” என்று அந்தத் தாய் என்னிடம் கேட்டார். “எல்லாம் இறைவன் சித்தம், அம்மா” என்றேன். பல ஆண்டுகளாகப் பலருக்கும் நான் சொல்லிவந்த விடை அது. அவர் முகம் வாடியதைக் கண்ட பிறகே, ‘ஆம், சாபந்தான்’ என்று அவர் காதில் விழுந்திருக்கிறது என உணர்ந்தேன். அவருக்குத் தேவைப்பட்டது உண்மை. அதை அறியும் பொருட்டு மருத்துவ நண்பர் ஒருவரை நாடினேன்.

அவர் விளக்கியது இது. நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்களுள் பி அணுக்கள் என ஒரு வகை உண்டு. நாளை எந்தக் கிருமி வரும் என்று அவை அறியா. ஆகவே ஒவ்வோர் அணுவும் தன் மரபணுத் துண்டுகளை வெட்டி, வெவ்வேறு வகையில் இணைத்து, தனக்கென ஓர் எதிர்ப்பொருளை ஆக்கிக்கொள்கிறது. இதனை 1976-இல் மெய்ப்பித்த ஜப்பானிய அறிஞர் சுசுமு தொனெகாவா 1987-இல் நோபல் பரிசு பெற்றார். சேலத்து மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுபவர் செய்வதும் இத்தகையதே: வெட்டுகிறார், பொருத்துகிறார், கட்டுகிறார்.

கோடிக்கணக்கான அணுக்கள் இவ்வாறு வெட்டி ஒட்டுகையில், எப்போதாவது ஒரு துண்டு தவறான கிளையில் ஒட்டிக்கொள்கிறது. 18-ஆம் குரோமோசோமிலுள்ள பி.சி.எல்.2 என்னும் மரபணு, 14-ஆம் குரோமோசோமில் எதிர்ப்பொருள் மரபணுவின் அருகே போய் அமர்கிறது; அவ்விடத்தின் ஓயாத இயக்கம் அதையும் முடுக்கிவிடுகிறது. அணு மடிவதைத் தடுப்பதே பி.சி.எல்.2-இன் வேலை. ஆகவே காலம் முடிந்து மடிய வேண்டிய அணு மடியாமல் தங்கிப் பெருகுகிறது. ஃபாலிகுலர் லிம்போமா என்னும் மெதுவாக வளரும் வகையில், நோயாளிகள் பெரும்பாலோரிடம் காணப்படுவது இம்மாற்றமே. நம் பெரியவருக்கு வந்ததும் அதுவே.

மருத்துவருக்கு இச்செய்தி வழிகாட்டி. கட்டியின் அணுக்களெல்லாம் ஒரே இணைப்பைக் கொண்டிருந்தால், அவை ஓரணுவின் வழிவந்தவை எனப் புற்றை ஐயுறலாம். வெறும் அழற்சியானால் பலவகை இணைப்புகள் கலந்திருக்கும். பி.சி.எல்.2-உடன் எம்.ஒய்.சி. என்னும் மரபணுவும் இடம் மாறியிருந்தால் நோய் கடுமையானது. வலுவான மருத்துவம் வேண்டும். மெதுவான வகையிலோ, சிலருக்கு உடனே மருந்து கொடாமல் கண்காணித்து வருவதும் உண்டு.

இனி அந்தத் தாயின் கேள்வி. இம்மாற்றம் பெரியவரின் உடலில், ஓர் இரத்த அணுவில் நேர்ந்தது. தந்தையிடமிருந்து அவருக்கு வந்ததன்று. அவரிடமிருந்து மகளுக்குப் போவதுமன்று. நெருங்கிய உறவினர்க்கு இந்நோய் வரும் வாய்ப்பு சற்றே கூடுதல் என்பது உண்மை. ஆனால் அது சிறிதே. நலமாக உள்ள பெரியவர்கள் பலரது இரத்தத்திலும் இதே மாற்றமுள்ள அணுக்கள் மிகச் சிலவாகக் காணப்படுகின்றன. கேலி பேசிய வாய்களுக்குரியோர் இரத்தத்திலும் இருக்கக்கூடும்.

பிழையே நேராதபடி இறைவன் நம்மைப் படைத்திருக்கலாகாதா? நான் குருமடத்தில் கற்ற இறையியல் இதற்கு முழு விடை தரவில்லை. ஒன்று மட்டும் அறிவேன். வெட்டி ஒட்டும் அவ்வாற்றல் இல்லாதிருந்தால், சிறு கிருமிகளுக்கே நாம் குழந்தைப் பருவத்தில் இரையாகியிருப்போம். நம்மைக் காக்கும் வேலையின் நடுவேதான் இத்தவறு நேர்கிறது. அதைத் தண்டனை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்டு, பாவம் செய்தது இவரா, பெற்றோரா என்று சீடர்கள் வினவினர். ஆண்டவர் இருவரையும் அக்குற்றச்சாட்டினின்று விடுவித்தார். பின்னர்ச் சேறு உண்டாக்கிக் குணமாக்கத் தொடங்கினார்.

குடும்பத்தாரின் ஒப்புதலோடு மாப்பிள்ளை வீட்டாரிடம் இவற்றை எடுத்துரைத்தேன். “இந்தப் பெண்ணுக்கு வராது என்று எழுதிக் கொடுப்பீர்களா, சாமி?” என்றார் மாப்பிள்ளையின் தந்தை. “எந்தப் பெண்ணுக்கும் அப்படி எழுதிக் கொடுக்க யாராலும் இயலாது, உங்கள் மகனுக்கும்தான்” என்றேன். அந்தச் சம்பந்தம் திரும்பவில்லை. ஆனால் அந்தத் தாய் அதன்பின் ‘சாபம்’ என்ற சொல்லை எடுக்கவில்லை. கணவரை மாதந்தோறும் தாமே மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறார்.

அன்பர்களே, உங்கள் தெருவில் ஒரு வீட்டில் இந்நோய் என்று கேள்விப்பட்டால், ‘அவர்கள் வம்சத்தில் வேறு யாருக்கு இருந்தது?’ என்று விசாரிக்காதீர்கள். ‘அடுத்த முறை மருத்துவமனைக்கு என்றைக்குப் போக வேண்டும், துணைக்கு வரட்டுமா?’ என்று கேளுங்கள்.