யாரும் சரிபார்க்காத எண்

2020 பிப்ரவரி. திருவாதிரை வெடிக்கப் போகிறது என்று வாட்ஸப் வரை செய்தி வந்திருந்த நேரம். வழக்கமாக 0.5 ஒளித்தரத்தை ஒட்டி இருக்கும் அந்தச் சிவப்பு விண்மீன் 1.6 வரை மங்கியிருந்தது (எண் கூடினால் வெளிச்சம் குறைவு என்று பொருள்). மொட்டைமாடியில் நின்று அதை அளந்தேன். கருவி ஒன்றும் வேண்டாம். ஒளித்தரம் தெரிந்த இரண்டு விண்மீன்களை எடுத்துக்கொண்டு, இது அவற்றுக்கு நடுவில் எங்கே நிற்கிறது என்று கண்ணாலேயே மதிப்பிட வேண்டும். ரோகிணி 0.9, பெல்லாட்ரிக்ஸ் 1.6. என் கண் 1.3 என்றது.

கீழே வந்து கணினியைத் திறந்தேன். உலகம் முழுக்கப் பலர் அனுப்பிய அளவுகளின் கிராஃப் 1.6 என்றது. நானும் 1.6 என்று பதிந்துவிட்டுத் தூங்கப் போனேன். யார் பார்க்கப்போறாங்க?

இதில் என்ன தப்பு என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லத் தெரியவில்லை. நான் பதிந்த எண் உண்மைக்கு நெருக்கமானது. சிவப்பு விண்மீனை வெறித்துப் பார்த்தால் உள்ளதைவிடப் பிரகாசமாகத் தெரியும். சட்டென்று பார்த்துக் கண்ணை எடுத்துவிட வேண்டும் என்பார்கள். நான் வெறித்திருக்கலாம். அப்படியென்றால் பிழையைத்தானே திருத்தினேன், அதுவும் பொய்யா?

பொய்தான். பதிவேடு என்னிடம் கேட்டது நான் பார்த்ததை. எண் சரி, சாட்சி பொய். நூறு பேர் தனித்தனியாகப் பிழை செய்தால் சராசரியில் அவை பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். நூறு பேரும் கிராஃபைப் பார்த்து எழுதினால், ஒருவர் சொன்னதையே நூறு முறை கேட்கிறோம். என் மென்பொருள் வேலையிலும் இது உண்டு. நிரல் தரும் விடையையே காப்பி எடுத்து, 'எதிர்பார்த்த விடை' என்று வைத்து எழுதிய டெஸ்ட் எப்போதும் பாஸ் ஆகும். எந்தப் பிழையையும் பிடிக்காது. அன்றிரவு திருவாதிரை நிஜமாகவே மாறத் தொடங்கியிருந்தால், அதைப் பார்த்தும் மறைத்தவன் நானாக இருந்திருப்பேன்.

அப்போதுதான் ராதாகோவிந்த சந்திராவைப் பற்றிப் படித்தேன். வங்காளத்து ஜெஸ்ஸோரில், கருவூலத்தில் காசைச் சோதிக்கும் சிறிய வேலை. பள்ளியிறுதித் தேர்வில் தேறாதவர். அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் சங்கத்துக்கு 1954 வரை 37,000-க்கும் மேற்பட்ட பதிவுகளை அனுப்பியிருக்கிறார். அவர்கள் அவருக்கு அனுப்பிவைத்த தொலைநோக்கி பின்னாளில் நம் காவலூருக்கு வந்து சேர்ந்தது. அவர் வானம் பார்த்த நேரத்தில் அமெரிக்காவில் பகல். சரிபார்க்க வழியே இல்லை. அவர் சொல் மட்டும்தான் இருந்தது. 37,000-இல் ஒன்றைக் கூட்டிக் குறைத்து எழுதியிருந்தால் எந்த வளைகோடும் அசைந்திருக்காது. ஆனால் 'ஒன்றுதானே' என்பது ஒவ்வொரு பதிவுக்கும் பொருந்தும் நியாயம். அதை ஒருமுறை ஏற்றுக்கொண்டால் 37,000-க்கும் மதிப்பில்லை.

என் 1.6-ஐ நீக்கிவிட்டேன். இப்போது எண்ணை மாடியிலேயே பேனாவால் எழுதிவிட்டுத்தான் கீழே இறங்குகிறேன். கிராஃபைத் திறந்தால் சில நாள் வெட்கமாக இருக்கும். அப்படியே அனுப்புகிறேன்.