பாதியில் நிறுத்திய பாட்டு

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட்டு முடித்து, பாட்டி கூடத்தில் வானொலிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கர்நாடக இசை நிகழ்ச்சி. பாடுபவர் எம். டி. ராமநாதன், ராகம் சகானா என்றார் அறிவிப்பாளர். கனத்த குரல். ஒரு ஸ்வரத்தில் நின்றால் அடுத்ததற்கு வர அவருக்கு அவசரமே கிடையாது. எனக்கு இருந்தது. ஐந்து நிமிடம் பொறுத்தேன். எழுந்துபோய் நிறுத்திவிட்டேன்.

“ஏன்யா, ஒரு மனுசன் பாடிக்கிட்டு இருக்கையில பாதியில நிறுத்தலாமா?”

கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னேன்: “அது பழைய பதிவு பாட்டி. அவரு 1984லேயே இறந்துட்டாரு. இனிமே அவருக்கு என்ன மரியாதைக் குறைவு?”

“அவருக்குத் தெரியாதுதான். நிறுத்துனது உனக்குத் தெரியும்ல?”

பதில் வரவில்லை.

சபையில் என்றால் பாடகர் பாடும்போது எழுந்து போகத் தயங்குவோம். (தனி ஆவர்த்தனம் வந்ததும் பாதிப் பேர் தேநீர் குடிக்கக் கிளம்புவது தனிக்கதை!) அந்தத் தயக்கம் பாடகருக்காகவா, நம்மைப் பார்க்கிறவர்களுக்காகவா? பார்க்க ஆளில்லாதபோது காணாமல் போகிற மரியாதை, ஆள் இருந்தபோது மட்டும் உண்மையாக இருந்ததா?

சின்ன வயதில் எங்கள் கோயிலில் வெள்ளிக்கிழமைகளில் பஞ்சபுராணம் ஓதுவேன். தேவாரத்துக்குக் கூட்டம் கைகூப்பி நிற்கும். திருப்பல்லாண்டு வருவதற்குள் பாதிப் பேர் பிரசாத வரிசையில். பெரியபுராணப் பாட்டை எனக்கும் சாமிக்கும் மட்டும்தான் பாடுவேன். ஒருநாள் அழுதே விட்டேன். அன்றைக்கு எங்கள் தேவார வகுப்பு ஆசிரியர் ஆனாய நாயனார் கதையைச் சொன்னார். கொன்றை மரத்தின் முன் நின்று குழலில் ஐந்தெழுத்தை வாசித்தவர் அவர். பசுக்கள் அசைபோடுவதை மறந்தன. பால் குடித்த கன்றுகள் வாயில் நுரையோடு அப்படியே நின்றன. ஆனால் அவர் வாசித்தது அவற்றுக்காக அல்ல, சிவனுக்காக. “நீயும் அவருக்குத்தானே பாடுற? வரிசையை ஏன் பாக்குற?” என்றார் ஆசிரியர்.

நண்பர்களே, அப்படிப் பார்த்தால் நான் வானொலியை நிறுத்தியதில் தப்பே இல்லை. பாட்டு போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு என்றைக்கோ போய்ச் சேர்ந்துவிட்டது. இப்படி எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மனம் ஒட்டவில்லை.

ராத்திரி படுத்தபோதுதான் உறைத்தது. அந்தக் கூடத்தில் கேட்டுக்கொண்டிருந்தது நான் மட்டுமா? “கேக்குறீங்களா பாட்டி?” என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே! இறந்துபோனவருக்குக் குறை உண்டா இல்லையா என்று வாதாடிக்கொண்டிருந்தேன், பாட்டியிடமிருந்து பாட்டைப் பிடுங்கிவிட்டு. அவரும் தனக்காகக் கேட்கவில்லை. பாடுகிறவருக்காகத்தான் பேசினார்.

அடுத்த ஞாயிறு நானே வானொலியைப் போட்டேன். வேறு ஒருவர் பாடினார். வயலின் தொடங்கும்போது பாட்டி தூங்கிவிட்டார். இப்போது நிறுத்தினால் யாருக்கும் தெரியாது. கை வானொலி வரைக்கும் போனது. சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்துவிட்டு உட்கார்ந்தேன். நிகழ்ச்சி முடிய இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அப்படி உட்கார்ந்திருந்தது மரியாதையா, பாட்டி விழித்துக்கொள்வார் என்ற பயமா, எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.